முன் வலச்சில்லுக்கு மேலே ஒரு கோடு

லொறியைக் கண்டால் ஆக்கள் விலத்துவினம். நாரந்தனைக் குலசிங்கத்தார் அதுக்குக் கீழை போய்ப் படுப்பார். எழுபத்திரண்டாம் ஆண்டிலை அவருக்கு நாற்பத்தொரு வயது, அரசாங்கச் சம்பளம், கலியாணம் கட்டிப் பதினாலு வருசம். எண்டாலும் படுப்பார்.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவிலை வாகனங்களை ஏத்தி இறக்கிற தட்டையான மிதவையை எங்கடை பக்கத்திலை 'பாதை' எண்டு சொல்லுறது. பாதையிலை ஏறின வாகனம் உருளாமல் சில்லுக்குக் கட்டை வைக்கிறதுதான் குலசிங்கத்தாற்றை உத்தியோகம். கட்டை வைக்க எவ்வளவு நேரம் செல்லும்? ஒரு நிமிசம். அக்கரை போய்ச் சேருமட்டும் மிச்ச நேரமெல்லாம் மனுசன் லொறியின்ரை வயித்துக்குக் கீழைதான். கையிலை அளவுநாடா, காதிலை பென்சில், சட்டைப்பையிலை ஒரு நீலக் கொப்பி.

"என்ன அண்ணை, எண்ணெய் ஒழுகுதோ?" எண்டு ட்றைவர்மார் பதறுவினம்.

"இல்லைத் தம்பி, நீர் உம்மடை பாட்டிலை இரும். டீசல் தாங்கி எத்தினை அங்குலமெண்டு பாக்கிறன்."

இவருக்கென்ன விசரோ எண்டு கேட்டவையும் உண்டு. அதிலை பிழையும் இல்லை. அளந்ததெல்லாத்தையும் கொப்பியிலை எழுதிக்கொண்டு வீட்டை போய், அந்த லொறியை அப்பிடியே தகரத்திலை செய்யிற மனுசனை வேறை என்னெண்டு சொல்லுறது? ஒரு அடிக்கு முக்கால் அங்குலம். அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பாது. பால்பேணியை வெட்டி, தட்டி, ஈயம் வைச்சு ஒட்டினால் பதினைஞ்சு அங்குல நீளத்திலை ஒரு லொறி நிக்கும். கதவு திறக்கும். ஸ்ரியறிங்கைத் திருப்பினால் சில்லு திரும்பும். அசல் லொறியின்ரை மட்காட் நெளிஞ்சிருந்தால் இதின்ரை மட்காட்டும் நெளிஞ்சிருக்கும். பின்கதவிலை ஆரோ கரியாலை கிறுக்கியிருந்தால் அந்தக் கிறுக்கலும் இருக்கும்.

"கண்டதைச் செய்வன், காணாததைச் செய்யன்" எண்டு மார்தட்டுவார்.

அவற்றை மனுசி இலட்சுமிப்பிள்ளைக்குக் குசினியிலை ஒரு பேணி மிஞ்சாது. "சீனி போட்டு வைக்கவும் ஒரு பேணி விடமாட்டியள், என்ன?" எண்டு வாய் ஓயாமல் பேசுவா. பேசிப்போட்டு, அந்தப் பேணியளைக் கழுவிக் காயவைச்சு அவற்றை மேசையிலை அடுக்கி வைக்கிறதும் அவதான்.

இந்த விசர் அவர் ஒருத்தருக்கு மட்டுமெண்டு நினைச்சிடாதேங்கோ. ஊர்காவற்றுறையிலை வள்ளம் கட்டிற கிறிஸ்தோப்பர் மரத்திலை லொறி செய்வார். புளியங்கூடல் மயில்வாகனம் பிறகு வந்து சேர்ந்தவன். அவன் செய்யிறது கொஞ்சம் கோணலாய்த்தான் இருக்கும். ஆனால் சொந்தமாய் ஒரு நீலத்தலை லொறி வைச்சு ஓடுறவன். மற்ற ரெண்டு பேருக்கும் லொறி ஓட்டவே தெரியாது. ஒரு நாளும் ஒரு நட்டைக் கழட்டிப் பூட்டினதில்லை. வெளியிலை கண்ணுக்குத் தெரியிறது மட்டுந்தான் அவையின்ரை படிப்பு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு கிறிஸ்தோப்பர் வந்தவுடனை, அவற்றை வள்ளக் கொட்டிலிலை மூண்டு பேரும் கூடுவினம். ஆர் புதிசாய்ச் செய்தாலும் பலகையிலை வைக்கவேணும். மற்றவை பிழை பிடிப்பினம். அதுக்கொரு சட்டம் வைச்சிருந்தினம், கோர்ட்டிலையும் இல்லாத சட்டம். செய்தவன் வாய் திறக்கக் கூடாது. அசல் லொறியைத் தெரிஞ்சவன் சொல்லுறதுதான் முடிவு. பிழையை அந்த இடத்திலையே திருத்தவேணும். திருத்தினாப் பிறகு லொறி செய்தவன்ரை வீட்டுக்குப் போகாது, கூட்டாளி ஒருத்தன்ரை வீட்டுக்குப் போகும். குலசிங்கத்தாற்றை அலுமாரியிலை நிண்டதெல்லாம் கிறிஸ்தோப்பற்றை மர லொறியளும் மயில்வாகனத்தின்ரை கோணல் லொறியளுந்தான்.

அந்த வருசம் வைகாசியிலை குலசிங்கத்தார் ஒரு லொறியைச் சீலையாலை மூடிக்கொண்டு வந்து பலகையிலை வைச்சார். சீலையை எடுத்தால், மயில்வாகனத்தின்ரை நீலத்தலை! அவனுக்குத் தெரியாமல் மூண்டு மாசமாய் அளந்து செய்தது. முன்கண்ணாடியிலை ஒட்டியிருந்த அம்மன் படம்கூடத் தவறேல்லை.

"ஐயோ அண்ணை!" எண்டான் மயில்வாகனம். பெரிய மீசைக்காறனுக்குக் கண் கலங்கிப் போச்சு. "இது எனக்கோ?"

"முதல் பிழையைப் பிடியும். பிறகு உமக்கு" எண்டார் கிறிஸ்தோப்பர்.

அவன் கதவைத் திறந்து பாத்தான், சில்லை உருட்டிப் பாத்தான், பிறகு கவிட்டுப் பாத்தான். முன் வலச்சில்லுக்கு மேலை விரல் நிண்டது. அதிலைதான் ஸ்பிறிங் தகடுகள், ஒண்டுக்கு மேலை ஒண்டாய் அடுக்கி, லொறியின்ரை பாரத்தைத் தாங்குறது.

"அண்ணை, இஞ்சை பிழை. மேல்தகட்டிலை குறுக்காலை ஒரு கோடு கிடக்கு. தகரம் கீறுற பிளேட் வழுகிப்போச்சுதோ?"

வழுகேல்லை. குலசிங்கத்தார் அந்தக் கோட்டைத் தன்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டவர். பாதையிலை மல்லாக்கப் படுத்து, சேத்தை விரலாலை துடைச்சு, அளந்து, கொப்பியிலையும் எழுதினவர். ஒருத்தருக்கும் தெரியாத ஒண்டைத் தான் கண்டுபிடிச்சிட்டன் எண்டு அண்டைக்கு அவருக்கு எவ்வளவு புளுகம், எவ்வளவு சந்தோசம்! அது ஏன் கிடக்கு எண்டு மட்டும் அவர் யோசிக்கேல்லை. நெளிவு மாதிரி, கிறுக்கல் மாதிரி, அதுவும் ஒரு அடையாளம்.

அவர் வாயைத் திறந்தார்.

"சட்டம், குலசிங்கம்! சட்டம்!" எண்டு கிறிஸ்தோப்பர் கையை உயர்த்தினார்.

"என்ரை லொறி எனக்குத் தெரியாதோ அண்ணை? அப்பிடி ஒரு கோடும் அதிலை இல்லை" எண்டு மயில்வாகனம் சிரிச்சான்.

ட்றைவர் சொல்லுறான். பரிசு வாங்கப்போற பொடியனோடை நிண்டு மல்லுக்கட்டுறதே? குலசிங்கத்தார் வாயை மூடிக்கொண்டு ஈயத்தை உருக்கினார். கோட்டுக்கு மேலை ஒரு பொட்டு ஈயம், அதுக்கு மேலை கறுப்புப் பெயின்ற். கோடு போச்சுது. மூண்டு பேரும் பனங்கட்டியோடை தேத்தண்ணி குடிச்சிச்சினம்.

அடுத்த மாசம் நயினாதீவிலை அம்மன் கோயில் திருவிழா. நாரந்தனைச் சனம் அன்னதானத்துக்குச் சாமான் கொண்டு போறதெண்டு ஏற்பாடு. அரிசி மூட்டை, கிடாரம், விறகு, பூசணிக்காய், எல்லாத்தையும் மயில்வாகனத்தின்ரை லொறியிலை ஏத்திக் குறிகட்டுவான் வரைக்கும் கொண்டுபோய், அங்கையிருந்து வள்ளம். மூட்டையளுக்கு மேலை இருவது சனம். அதிலை இலட்சுமிப்பிள்ளையும் ஒராள். காலமை பாதைக்கு வெளிக்கிட்ட புருசனிட்டை, "இஞ்சாருங்கோ, பின்னேரம் வர நேரஞ் செல்லும், சோறு மூடி வைச்சிருக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டுத்தான் நிண்டவ.

எட்டரை மணியிருக்கும். காரைநகரிலை இருந்து வந்த பாதையிலை ஒரு வயசான ட்றைவர், காலுக்குக் கீழை ஒரு முறிஞ்ச ஸ்பிறிங் தகட்டைப் போட்டுக்கொண்டு நிண்டார். குலசிங்கத்தாருக்குக் கை சும்மா இருக்குமே? எடுத்து அளக்க வெளிக்கிட்டார்.

"அளந்து என்ன செய்யப் போறீர்? நேற்று முறிஞ்சது. நான் தப்பினது கடவுள் செயல்" எண்டார் அந்த மனுசன். "முதல்லை தலைமயிர் மாதிரி ஒரு கோடுதான் தெரியும். கண்டவுடனை மாத்திப்போடவேணும். நான் பாக்கேல்லை. பாரம் ஏறினால் ஒருநாளைக்கு மடக்கெண்டு போம். லொறி ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டு போய்க் கவிழும்."

குலசிங்கத்தாற்றை கையிலை இருந்த தகடு விழுந்தது. "என்ன, என்ன செய்யுது உமக்கு?" எண்டு அந்த ட்றைவர் கேட்டது காதிலை ஏறேல்லை. கோடு. முன் வலச்சில்லுக்கு மேலை. ஐயோ, என்ரை அம்மாளாச்சி!

பாதை கரையிலை முட்டமுந்திப் பாய்ஞ்சார். துறைமுகத்தடியிலை ஆற்றையோ சைக்கிள் ஒண்டு நிண்டது. கேக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு உழக்கினார். நாரந்தனைப் பிள்ளையார் கோயிலடிக்கு வந்தால் வைக்கலும் வாழையிலைத் துண்டும் கிடக்குது, லொறி இல்லை.

"இப்பதான் போச்சுது, குலசிங்கம். என்ன அந்தரம்?" எண்டு ஆரோ கேட்டிச்சினம்.

அவர் நிக்கேல்லை. ஆனி மாசத்துக் கச்சான் காத்து முகத்திலை அறைஞ்சுது. வேலணையிலை ஆக்களை ஏத்த லொறி மினக்கெடும், பிடிச்சிடலாம், பிடிச்சிடலாம் எண்டு வாய்க்குள்ளை சொல்லிச் சொல்லி உழக்கினார். வேலணைச் சந்தியிலையும் லொறி இல்லை. அங்காலை புங்குடுதீவுக்குப் போற தாம்போதி, ரெண்டு பக்கமும் கடல். அதிலை ஏறிக் கொஞ்சத் தூரம் போனவுடனை அவர் கண்டது பூசணிக்காயளை. கடல்தண்ணியிலை பூசணிக்காயள் மிதந்துகொண்டு போச்சுதுகள்.

லொறி வலப்பக்கமாய்க் கடலுக்குள்ளை சரிஞ்சு கிடந்தது. அரிசி கொட்டித் தண்ணி வெளுத்துப்போய்க் கிடந்தது. இடுப்பளவு தண்ணிதான், அதாலை சனம் தப்பிச்சுது. ஆனால் என்ன கோலம்! தலை உடைஞ்சவை, பல்லுப் போனவை, பிள்ளையளைக் கட்டிப்பிடிச்சுக் குளறுறவை. மயில்வாகனத்தைக் கரையிலை வளத்தியிருந்திச்சினம். வலக்கால் முழங்காலுக்குக் கீழை எங்கையோ பாத்துக்கொண்டு கிடந்தது. அந்தக் காலோடை கிடக்கிறவனைச் சுத்தி நிண்டு ஆக்கள் பேசின பேச்சு!

"குடிச்சுப்போட்டு ஓட்டினவன்!"

"நித்திரை தூங்கினவன்! நான் கண்டனான்!"

அவன் அழுதுகொண்டு, "ஓம், நான் கண்ணயர்ந்திட்டன் போலை. எனக்குத் தெரியேல்லை. லொறி இழுத்துக்கொண்டு போட்டுது" எண்டான். செய்யாத குற்றத்தை அவனே ஏத்துக்கொண்டு கிடந்தான்.

இலட்சுமிப்பிள்ளை ஒரு கல்லிலை இருந்தா. வலக்கையை இடக்கையாலை மடியிலை ஏந்திக்கொண்டு இருந்தா. முழங்கை இருக்கவேண்டிய இடத்திலை இல்லை. புருசனைக் கண்டும் அழேல்லை.

குலசிங்கத்தாருக்கு மூச்சு வாங்கினது. பேசாமல் நிண்டால் ஒருத்தருக்கும் தெரியப்போறதில்லை. கோட்டுக்கு மேலை ஈயம் கிடக்கு. கொப்பி தன்ரை பையிலை கிடக்கு. சட்டப்படி வாய் திறக்காத மனுசன் இன்னும் கொஞ்சம் திறக்காமல் விட்டால் சரி.

அவர் கொப்பியை எடுத்தார். வியர்வையிலை நனைஞ்ச கடுதாசியை விரிச்சு, எல்லாருக்கும் கேக்க வாசிச்சார்.

"வைகாசி நாலு. முன் வலம். மேல்தகடு. குறுக்கை கோடு. நுனியிலையிருந்து ரெண்டரை அங்குலம்."

சனம் விளங்காமல் பாத்துது. ஒருத்தர் மட்டும் தண்ணிக்குள்ளை இறங்கி லொறியின்ரை அடியைக் குனிஞ்சு பாத்திட்டு, "முறிஞ்சு கிடக்கு. மெய்தான். பாதி பழைய துரு, பாதி புது மினுக்கம்" எண்டார். மயில்வாகனம் தலையை நிமித்திக் குலசிங்கத்தாரைப் பாத்தான்.

"அவனைப் பேசாதேங்கோ. அவன் நித்திரை கொள்ளேல்லை. அது எப்பவோ வெடிச்ச தகடு. நான் கண்டனான்" எண்டார் குலசிங்கத்தார்.

"எப்ப கண்டனீங்கள்?" எண்டு இலட்சுமிப்பிள்ளை கேட்டா. நல்ல நிதானமாய்க் கேட்டா.

"போன மாசம்."

"கண்டுபோட்டு?"

"திருத்தினனான்."

"எதை?"

அவர் கொப்பியை மூடினார்.

"எதைத் திருத்தினியள், லொறியையோ?"

"சின்னதை" எண்டார் குலசிங்கத்தார்.

அவ முகத்தைக் கடல் பக்கம் திருப்பினா. அடிச்சிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

பொலிஸ்காறர் வந்து தகட்டை அளந்து பாத்திச்சினம். ரெண்டரை அங்குலம், ஒரு நூல் பிசகேல்லை. மயில்வாகனத்திலை குற்றமில்லை எண்டு எழுதிச்சினம். "இவ்வளவு நுணுக்கமாய்ப் பாக்கத் தெரிஞ்ச நீர், ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத ஆளோ?" எண்டு இன்ஸ்பெக்டர் கேட்டது குலசிங்கத்தாற்றை காதிலை சாகுமட்டும் கிடந்தது. இலட்சுமிப்பிள்ளையின்ரை கை கோணலாய்ப் பொருந்திப்போச்சு. கிணத்திலை வாளி இழுக்க ஏலாது. ஒவ்வொரு நாளும் தண்ணி அள்ளினது அவர்தான். பால்பேணியள் குசினி மூலையிலை குவிஞ்சு கிடந்தது, அவர் தொடேல்லை. பாதையிலை மட்டும் முந்தியைவிடக் கூடப் படுத்தார். எழும்பி வந்து கண்டதெல்லாத்தையும் ட்றைவர்மாரிட்டை சொன்னார். கீறல், கசிவு, தேய்ஞ்ச ரயர். சிலர் ஏசிச்சினம். அவர் விடேல்லை.

கார்த்திகையிலை ஒரு ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தோப்பர் ஆளனுப்பிக் கூப்பிட்டார். கொட்டிலுக்குப் போனால் மயில்வாகனம் பொல்லோடை இருக்கிறான். பலகையிலை அந்த நீலத்தலை நிண்டது. குலசிங்கத்தார் வாசலிலை நிண்டிட்டார்.

"வாங்கோ அண்ணை. இதிலை ஒரு பிழை கிடக்கு, நீங்கள்தான் திருத்தவேணும்" எண்டான் மயில்வாகனம்.

லொறியைக் கவிட்டான். விரல் முந்தி நிண்ட அதே இடத்திலை நிண்டது.

"இஞ்சை கோட்டைக் காணேல்லை."

குலசிங்கத்தார் பிளேட்டை எடுத்தார். பெயின்ற் உரிஞ்சுது, ஈயம் சுரண்டுப்பட்டு வந்துது. விரல் வெட்டுப்பட்டு ரத்தம் வந்ததையும் அவர் பாக்கேல்லை. கோடு தெரிஞ்சவுடனை பிளேட்டைப் போட்டிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார்.

"கண்டனான் தம்பி. கண்டும் சொல்லேல்லை."

"நீங்கள் சொல்லத்தான் வாய் திறந்தனீங்கள் அண்ணை" எண்டான் மயில்வாகனம். "என்ரை லொறி எனக்குத் தெரியுமெண்டு சிரிச்சவன் நான்."

அண்டைக்குச் சட்டமெண்டு கையை உயர்த்தினவர் கிறிஸ்தோப்பரெல்லோ. பழைய துணி கிழிச்சுக் குலசிங்கத்தாற்றை விரலைச் சுத்திக் கட்டினார். அந்த லொறி அப்பிடியே, கோட்டோடை, திரும்ப மயில்வாகனத்தின்ரை வீட்டுக்குப் போச்சுது.