தினமும் ஐந்து நிமிடம் உறுமிய வேன்

“…அதுக்கு நா இன்னா பாவம் பண்ணேன், சொல்லுண்ணே? அந்தாளு கப்பல்ல சோறாக்கினு கீறாரு, அவரு வேனு என் வாசல்ல தூங்கினு கீது. இன்னிக்கே ஆள் பாத்துச் சொல்லு, வித்துட்லாம்.”

ராயபுரத்தில் ஸ்டெல்லா வீட்டு கேட்டைத் திறப்பதற்குள் எனக்குக் கிடைத்த வரவேற்பு இது. ஸ்டெல்லா திருவொற்றியூரில் நர்ஸ். தினமும் வேலைக்குப் போய்வர எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கிறார். கணவர் அந்தோணி கப்பல் சமையல்காரர். லீவில் ஊர் சுற்றுவதற்காகப் பழைய டீசல் வேன் ஒன்றில் கட்டிலும் அடுப்பும் வைத்து, கேம்பர் வேனாக்கியிருந்தார்.

வீட்டில் இருப்பது ஒரே போர்டிகோ. சார்ஜிங் பிளக் அங்கேதான் இருக்கிறது. அதை வேன் அடைத்துக்கொண்டதால், தெருவில் நின்ற காருக்கு ஒயர் இழுத்து சார்ஜ் ஏற்றினார் ஸ்டெல்லா. எதிர்வீட்டுக்காரர், “இன்னா ஸ்டெல்லா, காருக்கு குளுக்கோஸ் ஏத்துறியா?” என்பாராம். முதல்நாள் மழையில் ஒயர் போட முடியாமல், காலையில் ஆட்டோவில்தான் டியூட்டிக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் திரும்பி வந்து வேனை வெளியே தள்ளிவிடலாம் என்று சாவி போட்டால் செல்ஃபே எடுக்கவில்லை.

நான் காசிமேட்டில் போட் எஞ்சினில் தொழில் பழகிய மெக்கானிக். பேட்டரியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அந்த நேரம் வீடியோ காலில் வந்தார் அந்தோணி.

“தெனிக்கும் ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்ல?”

“பண்ணேன்யா! ஜெபம் பண்ணனோ இல்லியோ, காலைல அஞ்சு நிமிசம் கரெக்டா பண்ணேன்!”

“ரெண்டு பேரும் சேந்துதான் பேட்டரிய கொன்னுட்டீங்க” என்றேன். செல்ஃப் அடிக்கும்போது இழுத்த கரண்ட், நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறுமுவதால் முழுதாகத் திரும்பி ஏறாது. ஸ்டெல்லாவுக்கு அவர் தொழிலிலேயே சொன்னேன்: “பேஷன்ட்ட கட்டில்லயே உக்கார வெச்சு கால ஆட்டச் சொல்லுவியா, நடக்க வெப்பியா?”

புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். கஸ்டமர் ‘தினமும் ஸ்டார்ட் பண்றேன்’ என்றால், ‘எவ்ளோ தூரம் ஓட்னீங்க?’ என்று கேளுங்கள். தினமும் ஓடுகிற எலெக்ட்ரிக் காரைப் பற்றிக் கவலை வேண்டாம். நிற்கிற டீசலைத்தான் வாரத்துக்கு ஒருநாள் எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்ட வேண்டும். அன்றைக்குக் கார் ஓய்வெடுக்கட்டும்.

நான் கையோடு கொண்டுவந்திருந்த பேட்டரியை மாட்டினேன். வேன் பிடித்துக்கொண்டது.

“ரோட்ல யாரு ஓட்றது? நா கிளட்ச் மிதிச்சே வருசக்கணக்காச்சு” என்றார் ஸ்டெல்லா.

போனில் அந்தோணி பதறினார். “நீ தொடாத! இடிச்சிருவ! நா வந்து பாத்துக்கறேன்!”

ஸ்டெல்லா கார் சாவியை என்னிடம் வீசி, “அண்ணே, கார உள்ள வுட்டு பிளக்க மாட்டு” என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு வேனில் ஏறினார். அந்தோணிக்கு ரோடு தெரியும்படி போனை முன்கண்ணாடியில் சாய்த்து வைத்தார். ஒருமுறை எஞ்சின் ஆஃப் ஆனது. மறுபடி சாவியைத் திருப்பி, ஹாரன் அடித்துக்கொண்டே வேனை எண்ணூர் பக்கம் திருப்பினார்.