மூன்றாவது முறையும் கூப்பிட்டேன்

என் மகளுக்கு நான்கு வயது முடிந்த மாதம் அவளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போக முடிவு செய்தேன். பிள்ளை ஆசைப்பட்டாள், அதனால் கூட்டிப்போனேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். அவள் வாழ்க்கையில் முதன்முதலாக நடக்கும் ஒரு காரியத்திலாவது அவளுடைய மாமன் இல்லாமல் நான் மட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிற வீம்புதான் மீதிப் பாதி.

மாமன் என்றால் என் மனைவியின் அண்ணன். வெள்ளகோவில் பக்கம் தோட்டம் பார்க்கிறார். தென்னை, கொஞ்சம் முருங்கை, நாலு எருமை. முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டுப் போன வீடுகளிலெல்லாம் மாப்பிள்ளை தோட்டத்திலேயேதான் இருப்பாரா, கோயமுத்தூரில் வேலை எதுவும் இல்லையா என்றுதான் முதலில் கேட்டார்கள். இரண்டு வருடமாக அவருடைய ஜாதகத்தை யாரும் கையில் எடுப்பதில்லை. அவர்மேல் எனக்கு இரக்கம் உண்டு. என் மகளை அவர் தூக்கிய மறு நிமிடம் அந்த இரக்கம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்றுதான் தெரியாது.

அவளுக்கு மொட்டையடித்தது மாமன் மடியில். காது குத்தியதும் மாமன் மடியில். சடங்கு அப்படி, அதில் எனக்கு ஆட்சேபம் சொல்ல இடமில்லை. பெற்றவன் ஓரமாக நின்று வந்தவர்களைச் சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கலாம். காது குத்தும்போது அவள் வீறிட்டு அழுதாள். நான் பந்தியை விட்டு ஓடிப்போய்க் கைநீட்டினேன். அவள் மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்புதான். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

சடங்கோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் முதலில் நடந்தது அவர் தோட்டத்துக் களத்தில். நான் பீளமேட்டில் ஆபீசில் உட்கார்ந்து அதை வீடியோவாகப் பார்த்தேன். அவள் வாயில் முதலில் வந்த வார்த்தையும் ‘மாமா’தான். குழந்தைகளுக்கு அதுதான் சுலபமாக வரும் என்று என் மனைவி சமாதானம் சொன்னாள். அப்பா என்று சொல்ல அப்படி என்ன பல் வேண்டியிருக்கிறது என்று நான் கேட்டேன்.

ஆக, தீம் பார்க். மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கிறது. அவர் தன் ஜென்மத்தில் அந்தப் பக்கம் போனதில்லை, அது எனக்கு நிச்சயம். அங்கே சடங்கு கிடையாது, மாமனுக்கென்று மணை போடமாட்டார்கள்.

ஆபீசில் நான் எழுதும் எந்தத் திட்டத்துக்கும் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. எக்செல் ஷீட் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூடாது, ஊரே அங்கேதான் இருக்கும். புதன்கிழமை என்றால் கூட்டம் இருக்காது, லீவு போட்டுவிடலாம். மகள் மதியம் ஒரு மணிக்குத் தூங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் வருகிறவர் போகிறவரையெல்லாம் கடிப்பாள். அதனால் கதவு திறக்கும்போதே உள்ளே போய், மூன்றே மூன்று ராட்டினம், சின்னக் குளத்தில் அரை மணி நேரம், சாப்பாடு, உடனே கிளம்பிவிட வேண்டும். முதல் தடவை அதற்கு மேல் ஆசைப்பட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல்தான் மிச்சம். பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் நைலான் சட்டை வாங்கினேன். மகளைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்தேன். தொண்ணூற்றேழு சென்டிமீட்டர். பார்க்குக்குப் போன் போட்டுக் கேட்டதில், நூறு சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் பிள்ளையோடு ராட்டினத்தில் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும், ஒருவர் மட்டும்தான் உட்காரலாம் என்றார்கள். அந்த ஒருவர் மட்டும் என்கிற சொல்லைக் கேட்டபோது எனக்கு இருந்த திருப்தியை வெளியே சொல்ல முடியாது.

ஷீட்டில் முதல் ராட்டினம் என்கிற கட்டத்துக்கு எதிரே ‘நான்’ என்று போட்டேன்.

மனைவியிடம், உங்கண்ணனிடம் இப்போதைக்கு இதைச் சொல்ல வேண்டாம், அவருக்குத் தேங்காய் வெட்டுகிற சமயம், பாவம், மனசு அலையும் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பத்து வருடக் குடித்தனத்தில் அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான்.

நாங்கள் யாரும் சொல்லவில்லை. மகள் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல மாமனோடு வீடியோவில் பேசும்போது, பெரிய ராட்டினத்துக்குப் போகிறோம், யானை இருக்கிறது, பெரிய தண்ணீர் இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவரோ, அப்படியாங்க சாமி, போய்ட்டு வாங்க, மாமனுக்குப் போட்டோ அனுப்புங்க என்றதோடு நிறுத்திக்கொண்டார். நானும் வருகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்கு உயிர் திரும்பி வந்தது. போனை நான் வாங்கினேன்.

இங்கேதான் எங்கள் ஊர்ப் பழக்கம் என் காலை வாரிவிட்டது. எங்கேயாவது கிளம்புவது இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டால், நீங்களும் வாங்க என்று கூப்பிடாமல் இருப்பது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. அவர் இருக்கட்டும் என்பார். மறுபடியும் கூப்பிட வேண்டும். அவர் ஒரு காரணம் சொல்வார். மூன்றாவது முறையும் அழுத்திக் கூப்பிட வேண்டும். அவர் அடுத்த தடவை பார்க்கலாம் என்று முடிப்பார். இரண்டு பேருக்கும் திருப்தி. கூப்பிட்டவருக்கும் தெரியும், கூப்பிடப்பட்டவருக்கும் தெரியும், இதில் யாரும் எங்கேயும் வரப்போவதில்லை. பிறந்ததிலிருந்து நான் இப்படி நூற்றுக்கணக்கான பேரைக் கூப்பிட்டிருக்கிறேன், ஒருவரும் வந்ததில்லை.

நீங்களும் வந்தால் நன்றாயிருக்குமே என்று ஆரம்பித்தேன். நமக்கு எதற்கு அதெல்லாம் என்றார். குழந்தை சந்தோஷப்படுமே என்றேன். புதன்கிழமை தண்ணீர் பாய்ச்சுகிற முறை என்றார். விஷயம் முடிந்தது. அந்த நிம்மதியில் எனக்குத் தாராளம் பொங்கிவிட்டது. மூன்றாவது முறை கூப்பிடும்போது சாதாரணமாகப் போடுகிற அளவைவிட ஒரு கரண்டி கூடுதலாகவே போட்டேன்.

“அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுங்க மச்சான். நீங்க வராம நாங்க போனா அது போன மாதிரியே இருக்காதுங்க.”

தென்னை மட்டை அசைவது மட்டும் திரையில் தெரிந்தது.

“செரிங்க மாப்ள” என்றார். “இவ்வளவு தூரம் சொல்றீங்க. தண்ணி முறைய மாத்திக்கறேன். வாரேனுங்க.”

என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். சிரிப்பதற்குத்தான் போனாள். பாத்திரம் உருட்டுகிற சத்தத்தை வைத்து எனக்குத் தெரியும்.

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு வந்து நின்றார். சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒரு சாக்கு நிறைய இளநீர். வெளியிலிருந்து எதையும் பார்க்குக்குள் கொண்டுபோக முடியாது என்று என் ஷீட்டில் இருந்தது. இளநீரை வாசலில் இறக்கினோம். மகள் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்தவள் அவரைப் பார்த்ததும் ஒரே ஓட்டமாக ஓடினாள். நான் வாங்கி வைத்திருந்த நைலான் சட்டையை அவர் கையால் போட்டுக்கொண்டாள். காரில் மாமனும் மருமகளும் பின்சீட்டில், மனைவி அவர்களைத் திரும்பிப் பார்த்தபடி என் பக்கத்தில். நான் ஓட்டிக்கொண்டு போனேன். வாடகைக் கார் டிரைவரிடம்கூட யாராவது இரண்டு வார்த்தை பேசுவார்கள்.

வழியெல்லாம் ஒரு கணக்கு போட்டுக்கொண்டே போனேன். வந்தவர் வந்துவிட்டார், போகட்டும். முதல் ராட்டினம் மட்டும் என்னுடையது. அதற்குப் பிறகு அவளை நாள் முழுக்க அவரே வைத்துக்கொள்ளட்டும்.

பார்க்கில் நான் கணித்தபடியே கூட்டம் இல்லை. மனைவி உடை மாற்றுகிற அறைக்குப் போனாள். பைகளை லாக்கரில் வைக்க வேண்டும். எந்தப் பையில் எது இருக்கிறதென்று எனக்கு மட்டும்தான் தெரியும். மச்சானிடம் மகளைக் கொடுத்து, யானை ராட்டினத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள், நான் வந்துவிடுகிறேன், வரிசையில் எப்படியும் பத்து நிமிடம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

வரிசையே இல்லை. புதன்கிழமையை நான்தானே பொறுக்கி எடுத்தேன்.

நான் திரும்பி வந்தபோது அவர்கள் ஒரு நீல யானைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். மகள் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்திருப்பாள், அது எனக்கு அப்போதே தெரியும். ராட்டினம் இயக்குகிற பெண் ஒவ்வொரு யானையாக பெல்ட் சரி பார்த்துக்கொண்டே வந்தாள். நீல யானைக்கு வந்ததும், “அப்பா, பாப்பாவைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க” என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்பதற்கு ஆட்டுகிற மாதிரி ஆட்டினார். பிறகு பிள்ளையைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார்.

நான் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அப்படி ஒரு குரல் எனக்கு இருக்கிறதென்று அதுவரை எனக்குத் தெரியாது.

“நான்தானுங்க அப்பா. அவரு இல்லீங்க.”

ராட்டினத்தில் இருந்தவர்கள், வெளியே நின்றவர்கள், எதிர்க்கடையில் பாப்கார்ன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை திருடனைப் பிடித்துவிட்டார்களோ என்று ஒரு அம்மாள் தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். மச்சான் உடனே பெல்ட்டைக் கழற்றி, வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இறங்கி வந்து வேலிக் கதவை எனக்காகத் திறந்தும் விட்டார். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் உட்கார்ந்திருந்த இடம் சூடாக இருந்தது.

ராட்டினம் கிளம்பியது. நான்கு வருடமாக நான் காத்திருந்த இரண்டு நிமிடம். மாமா ஏன் எறங்கிட்டாங்க என்று மகள் கேட்டாள். ஒருத்தர் மட்டும்தான் உக்காரணும் சாமி என்றேன். முதல் சுற்றில் அவர் வேலியோரம் நின்று கையாட்டினார், அவள் இரண்டு கையாலும் ஆட்டினாள். இரண்டாவது சுற்றிலும் அப்படியே. மூன்றாவது சுற்றில் அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று வேட்டியைச் சரி செய்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு ராட்டினம் நிற்கும்வரை மகள் கழுத்தைத் திருப்பித் திருப்பி அவரைத் தேடிக்கொண்டேதான் இருந்தாள். என் முகத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மற்றதெல்லாம் ஷீட்டில் இருந்தபடி நடந்தது. அவர் சிரித்தார், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். ஆனால் வேறு எந்த ராட்டினத்திலும் ஏறவில்லை. தலை சுற்றும் என்று தங்கையிடம் காரணம் சொன்னார். ஒரு மணிக்குக் கிளம்பிவிட்டோம்.

காரில் மனைவி மகளிடம் சாதாரணமாகத்தான் கேட்டாள், முதல் ராட்டினத்தில் யாரோடு போனாய் என்று. மாமாகூட என்றாள் மகள். எனக்கு ஸ்டியரிங்கை விட்டுவிடலாம் போலிருந்தது.

“இல்லீங்க சாமி, அப்பாகூடத்தான் போனீங்க” என்று பின்சீட்டிலிருந்து அவர் திருத்தினார். “மாமன் வெளிய நின்னு பாத்துட்டிருந்தேன்.”

விட்டுக்கொடுக்கிறாரே, அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. எடுத்துக்கொண்டாலும் எரிகிறது, கொடுத்தாலும் எரிகிறது. எனக்கு வந்தது அப்படிப்பட்ட வியாதி.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது மகள் தூங்கிவிட்டாள். மனைவியை அவளோடு காரில் இருக்கச் சொல்லிவிட்டு, நான் மட்டும் அவரை பஸ் ஏற்றிவிடப் போனேன். வெள்ளகோவில் வழியாகப் போகும் கரூர் பஸ் நின்றிருந்தது. படியில் ஒரு காலை வைத்தவர் மறுபடி கீழே இறங்கினார்.

“மாப்ள, அந்தப் பொண்ணு என்னைய அப்பான்னு கூப்பிட்டப்பவே நான் இல்லீங்கன்னு சொல்லிருக்கோணும். வாய் வரலீங்க. அந்த ஒரு சுத்து அப்படியே இருந்துட்டு எறங்கிக்கலாம்னு தோணிப்போச்சு.”

அவர் பஸ்ஸின் தகரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அம்மணிகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. கேட்டா அழுதுபோடும்.”

அம்மணி என்று அவர் சொன்னது தன் தங்கையை. சொல்லமாட்டேனுங்க மச்சான் என்றேன். அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான்கு வருடமாக நான் அவரைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன். அவருக்கும் என்னைப் பார்த்தால் எரியும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. நானாவது கத்தித் தீர்த்துக்கொண்டேன். அவர் அந்த எரிச்சலை உள்ளே வைத்துக்கொண்டே என் பிள்ளைக்குக் காது குத்தினார், மொட்டையடித்தார், வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினார்.

பஸ் கிளம்பும்வரை நின்றேன். ஜன்னல் வழியாக, தூங்கி எழுந்ததும் பிள்ளைக்கு இளநீர் வெட்டிக் கொடுங்கள் என்றார். அத்தனை பேர் முன்னால் நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி, கடைசியில் மன்னிப்பும் கேட்டிருப்பேன். இன்னும் கேட்கவில்லை.