மஞ்சள் நூல் தைத்த துணி

ஜனவரி ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி ஐம்பது நிமிடம். ஆம்பியர் அம்மாவை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

பழைய புத்தகங்களை ஏற்றிச் சென்று விற்பதற்காக நான் வாங்கியிருந்த பத்தொன்பது வயது வேனில் ஹீட்டர் பெயருக்குத்தான் இருந்தது. காற்று சூடாகவே வந்தது. ஆனால் படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் மூச்சைப் போல வந்தது. முன்கண்ணாடியில் படியும் ஆவியை ஒரு கையால் துடைத்துக்கொண்டே மறுகையால் ஓட்டினேன். முதல்நாள் மாலை புது ஃபேன் மோட்டார் கேட்டுச் சென்றபோது, உதிரிபாகக் கடைக்காரர் வண்டி எண்ணைப் பார்த்துவிட்டு, மோட்டாருக்குப் பதில் ஒரு முகவரியை நீட்டினார்.

"நேரா இங்க போங்க சார். அந்தம்மா இந்த வண்டிக்காகப் பதினோரு வருஷமா காத்திருக்காங்க."

விளையாட்டாகச் சொல்கிறார் என்றே எண்ணினேன்.

இரண்டு வண்டிகள் மட்டுமே நிற்கக்கூடிய தகரக் கொட்டகை அது. சுவரில் திருப்புளிகள் உயர வரிசையில் தொங்கின. மற்றவர்கள் மூக்குக் கண்ணாடியைத் தொங்கவிடுவது போல, ஆம்பியர் அளக்கும் கிடுக்கி மீட்டரை அவர் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பட்டப்பெயர் அதனால் வந்தது. ஐம்பதைத் தாண்டிய வயது. என்னை ஏறிட்டும் பார்க்காமல் வேனைச் சுற்றி நடந்தார். இடது முன்மூலையில் பூசி மறைத்திருந்த பழைய நசுங்கலைத் தடவிப் பார்த்தார்.

"வந்துட்டியா?" என்றார். வேனிடம்தான்.

பிறகு என்னிடம், "ஃபேனைப் போடுங்க சார். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

நான்கு வேகத்திலும் ஓசை ஒழுங்காக ஏறியது. மீட்டரை ஒயரில் கவ்வவிட்டுப் படித்தவர், உதட்டைச் சுழித்தார். "அன்னைக்கும் இதே நம்பர்தான். இந்த மோட்டார் சும்மா சுத்துது. காத்தைத் தள்ளுற மோட்டார் கரண்டை நல்லா இழுக்கும். வழி அடைச்சிருந்தா தள்ள ஒண்ணும் இல்ல. கம்மியா இழுக்கும், கீச்சுன்னு கத்தும். எங்க அத்தான் மாதிரி. வேலை கம்மி, சத்தம் ஜாஸ்தி."

மூடியைத் திருகிக் கழற்றிக்கொண்டே மிச்சத்தைச் சொன்னார். இந்த வேன் முன்பு ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமானது. அதைப் பராமரித்த பணிமனையில் இவர் மின்வேலை பார்த்தார். அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் இவருடைய அக்காவின் கணவர், அந்த அத்தான்தான். இவர் ஃபேன் மோட்டாரை மாற்றிய மூன்றாம் வாரம், எஞ்சினின் வெந்நீர் ஓடும் சின்ன ரேடியேட்டரை மேற்பார்வையாளரே ஹீட்டரின் காற்றுப்பெட்டிக்குள் மாற்றினார். இரண்டே நாளில் காற்று வரவில்லை என்ற புகார். இவர் மீட்டரைக் காட்டி, பெட்டியைத் திறக்கச் சொன்னார். டாஷ்போர்டைக் கழற்ற ஒரு நாள் ஆகும், நேரமில்லை என்றார் அவர். மறுநாள் காலை, ஆவி மூடிய கண்ணாடியோடு போன வேன் கேட் தூணில் மோதியது. ஓட்டுநரின் மணிக்கட்டு முறிந்தது. 'மின்பணியாளர் மோசமான மோட்டாரைப் பொருத்தியதே காரணம்' என்று மேற்பார்வையாளர் எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்த ஒற்றை வரிக்குப் பின் ஒன்பது பணிமனைகள் இவருக்குக் கதவடைத்தன. இரண்டாண்டுகள் வீடுகளுக்கு அழைப்புமணி மாட்டிப் பிழைத்தார். வேன் கைமாறிப் போய்விட்டது. வேன் எண்ணைச் சீட்டுகளில் எழுதி ஒவ்வொரு உதிரிபாகக் கடையிலும் கொடுத்துவைத்தார். சீட்டு நைந்தால் புதுச்சீட்டு. "மோட்டாரை மாத்துவாங்க, ஸ்விட்சை மாத்துவாங்க, பெட்டியை மட்டும் ஒருத்தரும் திறக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும்."

பிற்பகலில் டாஷ்போர்டின் இடப்பாதி என் புத்தகங்களின் மேல் கிடந்தது. அவர் டார்ச்சை அடித்தார். ரேடியேட்டரின் முகத்தில், போர்வையை இழுத்துப் போர்த்தியது போல, சாம்பல் நிறத்தில் ஒரு துடைக்கும் துணி ஒட்டியிருந்தது.

அந்தப் பணிமனையில் துணிக்கு ஒரு வழக்கம் உண்டாம். எஞ்சினுக்குள் மறந்துவைத்த துணி வண்டியையே கெடுக்கும் என்பதால், ஆளுக்கு ஆறு துணி. மூலையில் ஆளுக்கொரு நிறத்தில் நூல். மாலையில் ஆறையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும். இவருக்கு நீலம், அத்தானுக்கு மஞ்சள். எல்லாருடையதையும் எண்ணியவர் அத்தான். அவருடையதை எண்ண ஆள் இல்லை.

நூல் தைத்த மூலை உள்ளே மடங்கியிருந்தது.

"இழுத்துப் பார்த்தா தெரிஞ்சிடுமே," என்றேன்.

"நான் இழுத்தா, நானே வச்சேன்னு சொல்வாரு. அவர் கையாலதான் வரணும்."

"ஒருவேளை நீலமா இருந்தா?"

அவர் டார்ச்சை அணைத்தார். "அவர் கைவைக்கிறதுக்கு மூணு வாரம் முன்னாடி நானும் இங்கதான் கைவிட்டேன். இருந்தாலும் இருக்கும். இருந்தா அவர் காலடியில மீட்டரைக் கழட்டி வச்சிட்டு வந்துடுறேன். வண்டியை எடுங்க சார்."

பாதி டாஷ்போர்டோடு ஓட்டிப் போனோம். ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேனைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அக்கா வெளியே வந்தார்.

"உள்ள வந்து உக்காருடி. இத்தனை வருஷம் கழிச்சு வர்ற, வாசல்லயே நிக்கிற?"

"உக்கார வரலக்கா. அத்தான், பெட்டியைத் திறந்துட்டேன். அன்னைக்கு உங்களுக்கு நேரமில்ல. இன்னைக்கு நேரந்தான் நிறைய இருக்கே, வாங்க."

"எனக்கு முட்டி வலி…"

"கைக்கு ஒண்ணும் இல்லையே?"

அவர் குனிந்து கையை விட்டார். துணி தகட்டோடு இறுகியிருந்தது. இரண்டு முறை இழுத்தார். மூன்றாம் முறை தூசி கொட்ட, கருவாட்டைப் போல விறைத்து வந்தது. மடங்கிய மூலையை அவர் பிரிக்கவில்லை. அக்காதான் வாங்கிப் பிரித்தார். அழுக்கை விரலால் தேய்த்தார். மஞ்சள்.

"இது என் தையல்," என்றார் அக்கா. "உங்க துணிக்கெல்லாம் நான்தானே தச்சுக் கொடுத்தேன்."

அத்தான் வேனின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "தண்ணி சொட்டுதேன்னு போட்டேன். மூடும்போது நினைப்பில்ல. வண்டி மோதின அன்னைக்குச் சாயங்காலம் எண்ணிப் பார்த்தப்ப அஞ்சுதான் இருந்துச்சு. அதுக்குள்ள எழுதிக் கொடுத்துட்டேன்."

"தெரிஞ்சே விட்டுட்டீங்க," என்றார் தங்கை.

"என்ன வேணும் சொல்லு. எழுதித் தரேன். பணிமனைக்கே வந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

ஆம்பியர் அம்மா மீட்டரின் வாரைச் சரிசெய்துகொண்டார். "கேக்குறப்ப கேக்குறேன். வீட்லயே இருங்க அத்தான்."

அன்று மாலையே என் வேனின் முன்கண்ணாடி தெளிந்துவிட்டது. அதன்பின் ஆறாண்டுகள், மாதத்துக்கு ஒரு முறை அவர் அக்கா வீட்டுக்குப் போய்வந்தார். சிலமுறை நானே வேனில் அழைத்துப் போயிருக்கிறேன். கேட் ஓசை கேட்டதும் அத்தான் எழுந்து நிற்பார். "இன்னைக்கு எழுதட்டுமா?" என்பார். இவர் அக்காவிடம் தண்ணீர்க் குழாயைப் பற்றியும் முதுகுவலியைப் பற்றியும் பேசுவார், கிளம்பும்போது அத்தானை ஒரு பார்வை பார்ப்பார், வந்துவிடுவார். வேனில் ஏறியதும் மெல்லச் சிரிப்பார்.

"கேட்டுட்டா அவருக்கு நிம்மதியாயிடும் சார்," என்றார் ஒருநாள்.

சென்ற மாதம் ஆம்பியர் அம்மா இறந்த செய்தி கேட்டுக் கொட்டகைக்குப் போனேன். அத்தான் எனக்கு முன்பே வந்து, திருப்புளி வரிசையின் கீழே நின்றிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மடித்து மடித்து மடிப்புகள் நைந்திருந்தன.

"எப்பவோ எழுதிட்டேன் சார். அவ கேக்கவே இல்ல. இதை யார்கிட்டக் கொடுக்குறது?"

அக்கா பக்கத்தில்தான் நின்றார். கை நீட்டவில்லை. நானும் நீட்டவில்லை.