கூவுற மைக்தான் வேணும்

மைக்செட் வைத்திருக்கும் சக பாவிகளே, மைக் கூவாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் பிழைப்பு. கூவவில்லையே என்று கோபித்துக்கொண்ட வாடிக்கையாளர் உங்களில் யாருக்காவது வாய்த்ததுண்டா? எனக்கு வாய்த்தார்.

முதல் ஒத்திகை

கொல்லிமலைக்குச் செல்போன் வராத காலம். எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தால் ஒரு நாடு; வளப்பூர் நாட்டில் என்னிடம்தான் செட் இருந்தது. கீழேயிருந்து மாற்றலாகி வந்த தாமஸ் வாத்தியார் ஒருநாள் கிதாரோடு வந்து நின்றார். கூட ஆஸ்பத்திரி கம்பவுண்டர். அவர் கையில் எண்ணெய் டின்னும் இரண்டு கட்டையும். ராக் பாட்டாம்.

வாசித்தார்கள் பாருங்கள், அடேங்கப்பா! தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி. மைக் வீல் என்று கூவ, பதறிப்போய் சவுண்டைக் குறைத்தேன். வாத்தியார் முகம் சுண்டிப்போனது.

"கூட்டுப்பா ராசு, அந்தக் கூவல்தான் பாட்டே!"

ராகம் எங்கே

பாட்டெல்லாம் நம்ம மலைச் சங்கதிதான். வராத பஸ், கொண்டை ஊசி வளைவில் வருகிற வாந்தி, கரண்ட் போன ஊடு. எல்லாவற்றையும் கத்தித்தான் பாடுவார். பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டேன், "ஏனுங்க, இதையே கொஞ்சம் ராகம் போட்டுப் பாடக் கூடாதுங்களா?"

"காலையிலேருந்து நின்னும் பஸ் வரலைன்னா உனக்கு வாயில ராகமா வரும்?"

பாதிப் பாட்டு

பாவம், ஒரு பாட்டைக்கூட அவரை யாரும் முடிக்க விட்டதில்லை. பள்ளிக்கூட விழாவில் கரண்ட் போனது, போனதற்குத்தான் கைதட்டினார்கள். குண்டனி நாட்டுக் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவரே ஓடிவந்து வயரைப் பிடுங்கினார்.

"கோவிச்சுக்காதீங்க சாமி, மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வண்டி ஏறிட்டாங்க!"

கடைசிக் கச்சேரி

வாத்தியாருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. "போறதுக்குள்ள ஒரே ஒரு பாட்டு, நாலு பேர் முன்னால முழுசா முடிச்சிட்டாப் போதும் ராசு" என்றார். என் மரவள்ளிக் காட்டோரம் பலா மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினேன். விசேஷத்துக்குக் கட்டுகிற பழக்கத்தில் அதை எதிர்ச்சரிவு ஊரைப் பார்த்துத் திருப்பிவைத்துவிட்டேன்.

பொழுது சாயும் நேரம் ஆரம்பித்தார்கள். கேட்க வந்தது என் சம்சாரமும் இரண்டு மாடும்தான். வாத்தியார் எங்கள் பக்கம் பார்க்காமலே பாடிக்கொண்டிருந்தார்.

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளாமைக் காட்டுக்குள் கரடி புகுந்தால் டின்னைத் தட்டிக் கத்த வேண்டும். சத்தம் கேட்ட ஊர் கேள்வி கேட்காமல் ஓடிவரும். பாதிப் பாட்டில் எதிர்ச்சரிவு ஊரே தடியும் தகரமுமாக இறங்கி வந்துவிட்டது! வந்தவர்கள் காட்டைச் சுற்றி நின்று தட்டினார்கள், கத்தினார்கள். வாத்தியார் கண்ணில் தண்ணீர், ஆனாலும் நிறுத்தவில்லை. நானாகவே, வாழ்நாளில் முதல்முறையாக, மைக்கைக் கூவ விட்டேன். பாட்டு கடைசி வரி வரைக்கும் போய் முடிந்தது. அம்மாடி, அவர் என்னைக் கட்டிக்கொண்டதில் மூச்சே நின்றுவிட்டது.

முன்னால் நின்ற ஒருத்தர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கரடி ஓடிருச்சுங்க வாத்தியாரே. இருந்தாலும் இன்னொருக்கா தட்டிப்போடலாமுங்க, நல்லாத்தான் இருக்குது!"

இன்றைக்கும் என் மைக் கூவினால் ஊரே திட்டுகிறது. எங்கேயோ ஒரு கரடி ஓடியிருக்கும் என்று நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கிறேன்.