பேசாத திரை

தாம்பரம் மின்சார ரயிலில் எதிரே இருந்த பார்வையற்ற இளைஞரின் கைபேசி, திரையில் இருந்ததைத் தட்டையான குரலில் வேகமாக வாசித்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்பாவின் அலுவலகம் ஞாபகம் வந்துவிட்டது.

மறைமலை நகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் அப்பா சரக்குக் கணக்கு பார்த்தார். அவருக்கும் பார்வை கிடையாது. அப்போது கம்ப்யூட்டர் திரையில் வெறும் எழுத்துகள்தான். ஒரு சின்னப் பெட்டி அவற்றைக் கரகரவென்று படித்துச் சொல்லும். அப்பாவின் விரல்கள் உடனே பதில் தட்டும். பள்ளி விடுமுறையில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சட்டையின் விபூதி வாசனையோடு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு, படங்களும் மவுஸுமாகப் புது மென்பொருள் வாங்க முடிவானது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அப்பாவோடு வேலை பார்த்த சேகர் மாமாவுக்கு. அப்பாவின் சாப்பாட்டு டப்பாவிலிருந்தே தினமும் சாப்பிட்டவர்.

"இது பேசுமா சேகர்?"

"பேசும்ணா. நான் கேட்டுட்டேன், நீங்க கவலைப்படாதீங்க."

வந்தது பேசவில்லை. பேசாது என்று சேகரிடம் முதலிலேயே சொல்லிவிட்டதாக, அதைப் பொருத்த வந்தவரே அப்பாவிடம் சொன்னார். கணக்கு வேலையிலிருந்து மாற்றி, அப்பாவைத் தொழிற்சாலை வாசலருகே போன் எடுக்க உட்காரவைத்தார்கள்.

அந்தத் தீபாவளிக்கு சேகர் மாமா இனிப்போடு எங்கள் முடிச்சூர் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, நான்தான்."

காலடிச் சத்தத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடும் அப்பா, வாசல் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"யாருங்க நீங்க?"