அண்ணனுக்கு ஒரு தனிச்சட்டி

சிந்தாமணி சமைக்கும்போது ருசி பார்ப்பதில்லை. குன்னத்துக்கு மேற்கே ஒரு ஊராட்சிப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகச் சத்துணவு ஆக்குகிறாள். நூற்றுப் பதினாறு பிள்ளைகள். சாம்பார் இரண்டாம் கொதி வரும்போது அவளுடைய வலது கை தானாக உப்பு ஜாடிக்குள் போகும், தானாக வெளியே வரும், அண்டாவின் மேல் விரியும். அந்த நேரம் அவள் ஜன்னல் வழியாகப் பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் வாய் சாப்பிட்டுப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுவது தலைமை ஆசிரியரின் வேலை. ஏழு தலைமை ஆசிரியர்கள் மாறிவிட்டார்கள். உப்பைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

அவள் அதிகம் பேசமாட்டாள். பேச்சின் நடுவே எங்கோ போய்விட்டுத் திரும்பி வருவாள். "ஒங்கம்மா இருக்காளா, போயிட்டாளா?" என்று கணவர் பாவாடை மகளிடம் கேட்பார். அவள் அடுப்புக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருப்பாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் நந்தினிக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். சிந்தாமணியின் அண்ணன் வைரக்கண்ணு பூலாம்பாடியிலிருந்து சீரோடு கிளம்பிய பஸ் வழியில் நின்றுவிட்டது. நல்ல நேரம் முடியப் போகிறதென்று பாவாடை தன் பங்காளி ஒருவரின் மடியில் குழந்தையை உட்கார வைத்தார். வைரக்கண்ணு வந்து சேர்ந்தபோது குழந்தை இரண்டு காதிலும் ரத்தப் பொட்டோடு அழுதுகொண்டிருந்தது. அவர் சீர்த்தட்டை வாசலில் இறக்கி வைத்தார். தங்கை கொண்டுவந்த சொம்பைத் தொடவில்லை. திரும்பி நடந்தார். அதன் பிறகு பிறந்த வீட்டிலிருந்து அவளுக்குப் பொங்கல் சீர் வரவில்லை.

போன ஆடியில்தான், அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். செவ்வாய், வியாழன், சனி, பெரம்பலூரில் டயாலிசிஸ். அவள் ஒரு சனிக்கிழமை போனாள். மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். குழாய்களில் அவருடைய ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தது.

"என்னா புள்ள, பள்ளிக்கூடம் லீவா?" என்றார், நேற்றுத்தான் பார்த்ததுபோல.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் போனாள். மார்கழிக் கடைசியில் கேட்டுவிட்டாள்.

"பொங்கலுக்கு வூட்டுக்கு வாண்ணே."

"வந்து? எலையப் பாத்துக் கும்புட்டுட்டுத் திரும்பி வரவா?"

"நீ திங்கிற மாதிரி ஆக்குறேன்."

"நான் திங்கிற மாதிரி ஆக்குனா ஒங்க வூட்டு மாடுகூட மோந்து பாக்காது."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நர்ஸிடம் கேட்டுச் சாப்பாட்டுத் தாளில் ஒரு நகல் வாங்கிக்கொண்டாள்.

நந்தினி அதை வீட்டில் சத்தமாகப் படித்தாள். பூசணி கூடாது. சர்க்கரைவள்ளி கூடாது. வாழைக்காய், மொச்சை, தேங்காய், வெல்லம், வாழைப்பழம், இளநீர் கூடாது. பொங்கல் குழம்பில் என்னவெல்லாம் போடுவார்களோ அதையெல்லாம் பார்த்து எழுதியதுபோல இருந்தது. ஒரு நாளைக்குத் தண்ணீர் அரை லிட்டர். காய்களை நறுக்கி ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மறுபடி வேகவைத்து அதையும் கொட்டிவிட வேண்டும். உப்பு என்ற சொல்லுக்குக் கீழே நர்ஸ் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தாள். ஐப்பசியில் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு கரண்டி சாம்பாரும் ஒரு ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டு, அன்று இரவே நெஞ்சில் தண்ணீர் கோத்து, மூச்சு முட்டி, அவரை ஆம்புலன்ஸில் தூக்கிப் போனார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா உப்பில்லாத சோத்த எலையில போடுவியா? கருமாதியா பண்றோம்?" என்றார் பாவாடை.

"வந்தா போதும்" என்றாள் சிந்தாமணி.

"வந்துட்டாருன்னா சரிதான். போன தடவ வந்த மாதிரி வந்துட்டுப் போயிட்டா?"

அவள் அதற்குள் எங்கோ போய்விட்டிருந்தாள்.

மாட்டுப் பொங்கல் வெள்ளிக்கிழமை வந்தது. விடிந்தும் பனி விலகவில்லை. சோளத்தட்டை அறுத்த காடு இருக்கிற இடமே தெரியவில்லை. கொம்புக்குப் பூசிய நீலமும் சிவப்பும் மட்டும் வெள்ளைக்குள் அசைந்தன. அவற்றுக்குக் கீழே மாடுகள் இருக்க வேண்டும். பனிக்குள்ளிருந்து வைரக்கண்ணு வந்தார். வலது தோளில் ஒரு மஞ்சள் பை. இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார். வாசலில் நின்று பையை நீட்டினார். ஒரு படி பச்சரிசி, மஞ்சள் கொத்து, ஒரு புடவை.

"கரும்பு தூக்க முடியல புள்ள."

வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். சிந்தாமணி உள்ளே போய்ச் சிறிய தட்டோடு வந்தாள். தட்டில் ஒரே ஒரு ஐஸ் கட்டி இருந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர் ஒருவர் தாகத்துக்கு ஐஸ் சப்புவதை அவள் பார்த்திருந்தாள். வைரக்கண்ணு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அந்தக் குளிரில் அவர் வாயிலிருந்து வந்த மூச்சும் பனிபோல வந்தது.

"வாங்க மச்சான்" என்றார் பாவாடை.

"ம்ம், வரேன் மாப்ள" என்றார், ஐஸ் கட்டியைக் கன்னத்துக்கு ஒதுக்கி.

கொல்லையில் இரண்டு அடுப்பு. ஒன்றில் பெரிய பானையில் எல்லோருக்குமான குழம்பு. மற்றதில் அண்ணனுக்கு ஒரு சின்னச் சட்டி. அதில் சுரைக்காயும் அவரைக்காயும். சொன்னபடி ஊறவைத்து, கொட்டி, வேகவைத்து, கொட்டினாள். காய் வெந்த தண்ணீரைப் பள்ளியில் யாராவது கொட்டியிருந்தால் அவள் சண்டைக்குப் போயிருப்பாள். இங்கே அவளே முருங்கை மரத்தடியில் கொட்டினாள். மண் சத்தமில்லாமல் குடித்தது.

வைரக்கண்ணு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கனவெல்லாம் தண்ணியா வருது புள்ள. மருதையாறு ரெண்டு கரையும் முட்டிக்கிட்டு ஓடுது. நான் நடுவுல நடந்து போறேன். கழுத்து வரைக்கும் தண்ணி. குனிஞ்சு குடிக்கலாம்னு பாத்தா தண்ணியும் கூடவே கீழ போவுது. நான் குனியக் குனிய அது போய்க்கிட்டே இருக்கு. கடைசில மணல்ல முகத்த வச்சுப் படுத்திருக்கேன். தல மேல ஆறு ஓடுது."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, முழிச்சுக்குவேன். ஒங்க அண்ணி அரை டம்ளர் தண்ணிய அளந்து வச்சிருப்பா."

சிந்தாமணி அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தலைக்கு மேலே, முருங்கைக் கிளைக்கும் மேலே, அது பனியாக ஓடிக்கொண்டிருந்தது. அடியில் அண்ணன் படுத்திருந்தார். மேலே போகிற வெளிச்சம் அவர் முதுகில் அசைந்தது. அவள் கூப்பிட்டாள். தண்ணீருக்குள் சத்தம் போகவில்லை.

திரும்பி வந்தபோது இரண்டு அடுப்பிலும் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் வலது கை விரல்களில் உப்பு ஈரமாக ஒட்டியிருந்தது.

பெரிய பானையில் போட்டிருப்பாள். சின்னச் சட்டியிலும் போட்டாளா? யோசித்துப் பார்த்தாள். கைக்குத் தெரியும். கை சொல்லாது. ருசி பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்த வீட்டில் மாட்டுப் பொங்கலன்று முன்னோர்களுக்குப் படைத்துக் கற்பூரம் காட்டும்வரை ஒரு பருக்கையை வாயில் வைக்கக் கூடாது. மோந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

பாவாடையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அதுக்கென்ன, கற்பூரம் காட்டுனதும் நக்கிப் பாத்துட்டுப் போடு."

அது சரியாகத்தான் இருந்தது. படைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். காக்கைக்குச் சோறு வைப்பது சிந்தாமணியின் வேலை. மதில் மேல் வைத்துவிட்டு நின்றாள். காக்கை எடுக்காமல் யாரும் சாப்பிட மாட்டார்கள். பனிக்குள் எந்தக் காக்கையும் தெரியவில்லை. கூப்பிட்டாள். வெகுநேரம் கழித்து ஒன்று வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, கொத்திக்கொண்டு போனது. "எடுத்துருச்சு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

குரல் கொடுத்தது தப்பு. உள்ளே பாவாடை காத்துக்கொண்டிருந்தார். மச்சானுக்குத் தன் கையால் பரிமாறி, பழையதையெல்லாம் அதோடு முடித்துவிட வேண்டும் என்று காலையிலிருந்தே அவருக்கு இருந்தது. நக்கிப் பார்க்கச் சொன்னது அந்த வேகத்தில் மறந்துவிட்டது. சின்னச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இலையில் ஊற்றினார்.

சிந்தாமணி வாசற்படி ஏறியபோது வைரக்கண்ணு சோற்றைப் பிசைந்து முதல் உருண்டையை எடுத்துவிட்டிருந்தார். அவள் ஓடினாள். அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். உருண்டையை விரல்களிலிருந்து பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

உப்பு இருந்தது. கூடாமலும் குறையாமலும் இருந்தது.

அப்படியே குனிந்து இலையை எடுத்துவிட்டாள்.

உட்கார்ந்திருக்கிறவருக்கு முன்னாலிருந்து இலையை எடுப்பது என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏய்! எலைய எடுக்குற? புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?" என்று பாவாடை கத்தினார்.

வைரக்கண்ணு கையில் ஒட்டியிருந்த இரண்டு பருக்கைகளைப் பார்த்தார். எதிரில் வெறும் தரையைப் பார்த்தார். காதுகுத்து அன்று தட்டை இறக்கி வைத்தபோது இருந்த முகம் வந்தது. சிந்தாமணி அதைப் பார்த்தாள். கையில் இலையோடு நின்றாள். சொல்ல வேண்டியது வாய்க்கு வர நேரமாயிற்று.

"உப்புப் போட்டுட்டேண்ணே. எனக்கே தெரியாம போட்டுட்டேன்."

பாவாடை சின்னச் சட்டியைக் கீழே வைத்தார்.

"மறுபடி ஆக்குறேன். உக்காருண்ணே. எந்திரிச்சிராத."

வைரக்கண்ணு அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எந்திரிக்கிறதா? கீழ உக்காந்தா எனக்கு ரெண்டு பேரு கை குடுக்கணும் புள்ள. மாப்ள கோவமா நிக்கிறாரு, அவரு குடுக்க மாட்டாரு. நீ போயி ஆக்கு."

அவள் நந்தினியிடம் உப்பு ஜாடியைக் கொடுத்து மாட்டுக் கொட்டகையில் வைக்கச் சொன்னாள். பிறகு வலது கையை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். இடது கையால் சுரைக்காயைத் தேய்த்துக் கழுவி, இடது கையால் அரிவாள்மனையில் நறுக்கினாள். துண்டுகள் கோணலாக விழுந்தன. அந்தக் கைக்கு அவசரம் இல்லை. அதற்கு எதுவும் பழக்கமில்லை. ஒவ்வொன்றையும் முதல் தடவையாகச் செய்தது.

உள்ளே வைரக்கண்ணு மற்றவர்களைச் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்க தின்னுங்க மாப்ள. நான் பாத்துக்கிட்டு இருக்கேன். பாக்குறதுல உப்பு ஏறாது."

"எப்புடி மச்சான் எறங்கும்?"

"ஒமக்கு எறங்கும். ஒம்ம தெரியாதா?"

பாவாடை சாப்பிட்டார். நந்தினியும் தயங்கித் தயங்கிச் சாப்பிட்டாள். வைரக்கண்ணு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"மொச்ச எப்புடி இருக்கு பாப்பா?"

"நல்லாருக்கு மாமா."

"அது தெரியுது. எப்புடி இருக்குன்னு சொல்லு."

நந்தினி யோசித்தாள். "கடிச்சா தோலு தனியா வருது. உள்ள மாவா இருக்கு. லேசா கசப்பு. அப்பறம் கசப்பு போயிடுது."

"சர்க்கரவள்ளி?"

"கொழகொழன்னு இருக்கு. புளியும் இனிப்புமா. தொண்டைகிட்ட சூடா போவுது."

"ம்ம்." அவருடைய தொண்டை ஏறி இறங்கியது. "பூசணிக்காய மெதுவா தின்னு."

அவள் மெதுவாகத் தின்றாள். அவர் காதால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொல்லையிலிருந்து சிந்தாமணி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முப்பது வருஷமாக வைக்கிற குழம்பு. அது என்ன ருசி என்று அன்றுதான் ஒருவர் சொல்லக் கேட்டாள்.

மூன்று மணிக்குப் புது இலை போட்டாள். சோறு, சுரைக்காய், மிளகும் சீரகமும் தட்டிப் போட்ட அவரைக்காய், வெள்ளைச் சர்க்கரையில் ஒரு கரண்டிப் பொங்கல். எல்லாவற்றையும் தான் முதலில் ருசி பார்த்திருந்தாள். ஒன்றுமே இல்லாத ருசி.

வைரக்கண்ணு சாப்பிட்டார்.

"எப்புடிண்ணே?"

"கேவலமா இருக்கு" என்றார். இன்னும் கொஞ்சம் சோற்றுக்கு இலையைக் காட்டினார்.

பாவாடையும் நந்தினியும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். கூடத்தில் பாய் விரித்தார்கள். பாவாடை மாடுகளைப் பிடித்துக்கொண்டு ஊர் மாடுகள் கூடுகிற மந்தைக்குப் போனார். நந்தினி பின்னால் போனாள். வெளியே மணிச் சத்தம் போகப் போகக் குறைந்தது.

சிந்தாமணி பாய் ஓரமாக உட்கார்ந்தாள். அவருடைய இடது முன்கையில் நரம்பு கயிறுபோல் புடைத்திருந்தது. மெஷினில் இணைப்பதற்காக ஆபரேஷன் செய்து வைத்த நரம்பு. சனிக்கிழமைகளில் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்திருக்கிறாள்.

"கை வச்சுப் பாரு. அமுக்காத, சும்மா வை."

வலது கையை முந்தானையிலிருந்து எடுத்து அதன் மேல் வைத்தாள். தோலுக்குக் கீழே ஏதோ இரைந்துகொண்டிருந்தது. கிணற்று மோட்டார் ஓடும்போது குழாயைத் தொட்டால் வருகிற அதிர்வு.

"என்னண்ணே இது?"

"ரத்தம்தான். ஓடிக்கிட்டே இருக்கும். இது நின்னாதான் பயப்படணும்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். அது ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து தான் ஒரு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை என்பது சிந்தாமணிக்கு ஞாபகம் வந்தது. எழுந்து போய்ச் சாப்பிட வேண்டும் என்று நினைத்தாள். கை அவர் கையின் மேலேயே இருந்தது.