ஆடி வெள்ளத்தில் ஒகேனக்கல், அக்கரையில் ஒரு குழந்தை

ஒகேனக்கல்லுக்கு நான் முதலில் போனது ஒரு பங்குனி மாதம். அருவி பாறை இடுக்குகளில் நூல் நூலாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. வெற்றிலை மென்று துப்புவதற்குள் பரிசல் அக்கரை சேர்ந்துவிட்டது. அந்தத் தைரியத்தில்தான் மனைவி பாக்கியத்திடம், "ஆடிப் பதினெட்டுக்குப் போவோம், உங்க அக்கா கொழந்தையையும் பாத்துடலாம்" என்று வாக்குக் கொடுத்தேன். அக்காவை அக்கரையில், ஆலம்பாடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. தாய் தகப்பன் இல்லாத பெண்கள்; அதனால் தலைப்பிரசவமும் அங்கேயே ஆயிற்று. எங்கள் வரவைச் சொல்லியனுப்பியிருந்தோம்.

யுத்த காலம். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வரை இருபது மைல், கரியில் ஓடும் பஸ். மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அப்புறம் பத்து மைல் மாட்டுவண்டி. மலை இறக்கத்திலேயே ஓர் இரைச்சல் கேட்டது.

"காத்தா?" என்றேன்.

"தண்ணிங்க" என்றார் வண்டிக்காரர்.

அம்மாடி! பங்குனியில் நான் நடந்து திரிந்த பாறை ஒன்றையும் காணோம். செம்மண் கரைத்த நிறத்தில் காவிரி மொத்தமாக விழுந்துகொண்டிருந்தது. நீர்ப்புகை மரங்களுக்கு மேலே நின்றது. நான் வாயைப் பிளந்தவன் மூடவில்லை.

பாக்கியம் அருவியைத் திரும்பியே பார்க்கவில்லை. குழந்தைக்கு வாங்கிய வெள்ளி அரைஞாணை முந்தானையில் முடிந்துகொண்டு நேரே பரிசல் துறைக்குப் போனாள். அங்கே பரிசல்கள் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன.

"அட போங்க சாமி! இன்னிக்கி எறக்குனா பரிசல் ஆலம்பாடிக்குப் போவாது, மேட்டூருக்குத்தான் போவும்" என்றார் பரிசல்காரர்.

"வெத்தல போடுற நேரம்னீங்களே!" என்று பாக்கியம் என்மேல் பாய்ந்தாள்.

அருவிக்காகப் போகிறவர்கள் ஆடி, ஆவணியில் போங்கள். அந்தக் கோலத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கட்டுச்சோறும் மாற்றுத்துணியும் அவசியம். அக்கரைக்குப் போக வேண்டியவர்கள் தை பிறந்த பிறகு போங்கள். என்னைப்போல வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

பெருக்குக்குக் கும்பிட எதிர்க்கரையிலும் கூட்டம் இருந்தது. திடீரென்று பாக்கியம், "அக்கா!" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை. அங்கே பச்சைச் சேலைக்காரி ஒருத்தி, மஞ்சள் துணிப் பொதி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். பாக்கியம் இக்கரையிலிருந்தே காற்றில் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள்.

"அப்படியே எங்கக்கா மூக்குங்க!" என்றாள், அழுதுகொண்டே.

எனக்குத் துணிதான் தெரிந்தது. "ஆமா, அதே மூக்குத்தான்" என்றேன்.